ஜெயிச்சவ எதுக்குப் போவணும்?

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. பவுர்ணமி முடிந்து நாலு நாள். கிரிவலக் கூட்டம் வடிந்துபோய் திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் வேலை பார்க்கிற அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. மத்தியான டீக்குப் போனபோது டி.வி.யில் இங்கிலாந்துப் பிரதமர் டேவிட் கேமரூனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் நின்று, குரல் கம்ம, பதவியை விட்டுப் போகிறேன் என்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. அய்ரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று முதல்நாள்தான் அந்த நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடந்திருந்தது. இருப்போம் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார் கேமரூன். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 51.9 பேர் விலகுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே ராஜினாமா.

டீக்கடை சொக்கிப்போய்விட்டது.

"பாத்தியா, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்யா. தோத்தான், எழுந்து போய்ட்டான். நம்ம ஊர்ல எவனாவது போவானா?" என்றார் ஒருவர். கரைவேட்டி, நெற்றி நிறைய விபூதி. "அதுக்குப் பேர்தான் ஜனநாயகப் பண்பாடு" என்று எடுத்துக்கொடுத்தார் பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். கிளாசைக் கழுவிக்கொண்டிருந்த பையன்கூட "கெத்து" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. விபூதிக்காரரை எனக்குத் தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். 'வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்' என்று சொன்ன அந்த மனிதர் பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் ஒருநாள் என் கையில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தவர். அதில் நான் எழுதியதும் ஒரு ராஜினாமா கடிதம்தான். அன்றைக்கு அவர் எந்தப் பண்பாட்டையும் பாராட்டவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் இந்தக் கேமரூன் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

ராஜினாமா செய்து கேமரூன் இழந்தது என்ன? ஜூலை 11ஆம் தேதி, தான் எப்போது வெளியேறப் போகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு உள்ளே போகும்போது வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார். சட்டையில் மாட்டியிருந்த மைக்கில் அது விழுந்து உலகமே கேட்டது. ஏழு வருசம் கழித்து, 2023 நவம்பரில், அதே மனிதருக்குப் 'பிரபு' பட்டம் கொடுத்து வெளியுறவு அமைச்சராகக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றவருக்கு வாக்கே கேட்காமல் ஒரு நாற்காலி. இங்கிலாந்தில் வாழும் தலித்துகள் போராடியதால், சாதிப் பாகுபாட்டையும் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2013இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதை நடைமுறைப்படுத்தாமல் இழுத்தடித்தது இதே கேமரூன் அரசாங்கம். 2018இல் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்று கைகழுவினார்கள். அவர் போனதற்காகக் கண் கலங்க நமக்கு ஒரு நியாயமும் இல்லை.

அவருக்கு முன்னால் ஃபிரான்சில் தெ கோல் இருந்தார். 1969 ஏப்ரல் 27இல் வாக்கெடுப்பு. தோற்றால் இருக்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். தோற்றார். மறுநாளே போனார். சொன்ன சொல் காத்தவர் என்று இன்றைக்கும் அவரைப் பேசுகிறார்கள். பேசட்டும். நான் கேட்பது வேறு. தோற்றவன் தன் இஷ்டப்படி எழுந்து போனால் அதற்குப் பெயர் பெருந்தன்மை. ஜெயித்தவளை எழுந்து போ என்று சொன்னார்களே, அதற்கு உங்கள் பண்பாட்டில் என்ன பெயர்?

எங்க சின்னம்மா கதைக்கு வருகிறேன்.

1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதுச் சட்டப்படி சுழற்சி முறை வந்து, சின்னம்மா வாக்கப்பட்ட ஊரில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு என்று ஆனது. ஊர்த்தெருவில் கூடிப் பேசினார்கள். யாரை நிறுத்தினால் வாய் திறக்கமாட்டாள்? சின்னம்மா. தாலி அறுத்தவள், கையெழுத்துத் தெரியாதவள், அவர்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போகிறவள். டெபாசிட் பணத்தை அவர்களே கட்டினார்கள். சேரியிலிருந்தும் ஒருத்தி நின்றாள், அவள் தோற்றாள். சின்னம்மா ஜெயித்தாள். ஜெயித்தவளுக்கு ஊரில் ஒருத்தன் மாலை போடவில்லை. ஆபீஸ் நாற்காலியில் துணைத்தலைவர் உட்கார்ந்தார். சின்னம்மா வாசப்படியில். செக்கில் தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். செக் புத்தகம் துணைத்தலைவர் வீட்டு அலமாரியில் இருந்தது. ஆள் அனுப்புவார்கள், இவள் போய் ரேகை வைத்துவிட்டு வருவாள்.

ஆறேழு மாசம் இப்படி ஓடியது. அந்தக் கோடையில் சேரிக்குத் தண்ணி இல்லை. ஊர்த்தெருவில் குழாய் இருந்தது. அதைச் சேரிவரைக்கும் இழுத்துப் போட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சின்னம்மா கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, அதை எழுதினால்தான் ரேகை வைப்பேன் என்று கையை மடக்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த புரட்சி. வாயில்லாப் பூச்சி வாய் திறந்துவிட்டது.

மறுநாளே சேரிக்கு வேலை இல்லை என்றார்கள். மாட்டை வரப்பில் விடாதே என்றார்கள். கடையில் கடன் கிடையாது, காசு கொடுத்தாலும் சாமான் கிடையாது. அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எல்லாம் பழையபடி. பத்து நாள் தாங்கினது தெரு. பதினோராம் நாள் நம்ம ஆளுங்களே கூடி அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அப்போது அவள் கேட்ட கேள்வி இது:

"நான் இன்னா தோத்தா பூட்டேன்? தோத்தவன் போவட்டும். ஜெயிச்சவ எதுக்குப் போவணும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பசித்த பிள்ளைகளைக் காட்டினார்கள். அது பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

டவுனில் அச்சகத்தில் வேலை செய்கிற பையன், எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு ஆள் விட்டார்கள். போனேன். விபூதிக்காரர் தாளை நீட்டினார். 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று எழுதச் சொன்னார். ஒரு தலைவலி என்று படுத்தவள் இல்லை எங்க சின்னம்மா. எழுதினேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்று சேர்க்கச் சொன்னார். அதையும் எழுதினேன். அவள் ரேகை வைத்தாள். வைத்துவிட்டு, "இன்னாடா எழுதன?" என்று என்னைக் கேட்டாள். "ஒண்ணுமில்ல சின்னம்மா" என்றேன்.

அந்த ஒண்ணுமில்ல இருக்கிறதே, அது என் தொண்டையில் இன்றைக்கும் நிற்கிறது. சாகிறவரைக்கும் அவளுக்கு அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டவே இல்லை. ஊர்க்காரனைத் திட்டுகிற வாய் என்னையும் திட்டிவிட்டுத்தான் திட்ட வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராஜினாமா என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. சம்மதித்து எழுதிக் கொடுப்பது. போலீஸ் ஸ்டேசனில் நம்ம சனத்தை உட்கார வைத்து "ராஜியாப் பூடுங்க" என்பார்களே, அதே ராஜிதான். அடி வாங்கினவனும் ராஜி ஆக வேண்டும், ஜெயித்தவளும் ராஜி ஆக வேண்டும்.

இது ஒரு ஊர்க் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996இல் தனிப் பஞ்சாயத்து ஆனது முதல் 2006வரை, பத்து வருசம் இந்த ஊர்களில் நடந்தது என்ன? ஒன்று, மனுப் போட ஆள் இருக்காது. இல்லையென்றால் ஆதிக்க சாதி நிறுத்திய தலித் ஜெயிப்பார், பதவி ஏற்ற கையோடு ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவார். எழுதித் தயாராக வைத்திருந்த கடிதங்கள். 2006இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள். மேலவளவில் முருகேசன் ஜெயித்தார், பதவியை விட்டுப் போகவில்லை. 1997 ஜூன் 30இல் பட்டப்பகலில் பஸ்சை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டினார்கள். அவர் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். ஜெயித்தவன் போக மறுத்தால் இதுதான் என்று நாடு முழுவதற்கும் சொன்ன சேதி அது. எங்க சின்னம்மா ரேகை வைத்ததும் அந்த வருசம்தான். அவளும் தெருவும் எதற்குப் பயந்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

தில்லியில் மட்டும் வேறா? 1951 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். இந்துப் பெண்களுக்குச் சொத்தும் மணவிலக்கும் கேட்ட இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டதும், தாழ்த்தப்பட்ட மக்களை அரசாங்கம் கண்டுகொள்ளாததும் அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. யார் மீதும் பழி இல்லை, உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுக்கவில்லை அவர். காரணத்தைச் சபையில் சொல்லப் போனார். முன்கூட்டியே நகல் தரவில்லை என்று படிக்க விடவில்லை. வெளியே வந்து அறிக்கையாகக் கொடுத்தார். மறு வருசம் பம்பாயில் தேர்தலில் நின்றார், தோற்கடித்தார்கள். அவருடைய ராஜினாமாவை 'ஜனநாயகப் பண்பாடு' என்று எந்த வாத்தியார் நமக்குப் பாடம் எடுத்தார்?

வி.பி.சிங் 1990 ஆகஸ்ட் 7இல் மண்டல் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். நவம்பர் 7இல் மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 142, எதிர்ப்பு 346. அன்றைக்கே ராஜினாமா. சரியாக மூன்று மாசம். அம்பேத்கருக்குப் பாரத ரத்னா கொடுத்ததும், பவுத்தத்துக்குப் போன நம் மக்களுக்குப் பட்டியல் உரிமை நீடிக்கும் என்று ஆக்கியதும் அவருடைய பதினோரு மாத ஆட்சிதான். தோற்றார், போனார். கேமரூன் செய்ததைத்தானே அவரும் செய்தார்? ஆனால் இதே திருவண்ணாமலை டீக்கடையில் அன்று என் காதால் கேட்டது, "ஒழிஞ்சான்டா" என்பதுதான். சொன்னவருக்கே மண்டலால் பலன் உண்டு, அது வேறு கூத்து. யார் போனார் என்பதை விடுங்கள், யாருக்காக எதைச் செய்துவிட்டுப் போனார் என்று பார்த்துத்தான் இந்த நாடு அழுகிறது, சிரிக்கிறது.

சரி, பொதுவாக்கெடுப்பு என்கிறீர்களே. நம்மைப் பற்றி ஒரு பொதுவாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று ஒருமுறை பேச்சு வந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? 1932. பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தது. செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். பேரம் நடந்தது. தனித்தொகுதியை விட்டுக்கொடுத்த அம்பேத்கர் ஒன்று கேட்டார்: ஒதுக்கீட்டு இடங்கள் தொடர வேண்டுமா வேண்டாமா என்பதைக் கொஞ்ச காலம் கழித்துத் தாழ்த்தப்பட்ட மக்களே வாக்கெடுப்பில் தீர்மானிக்கட்டும். பத்து வருசம் கழித்து என்றார் அவர். அய்ந்து வருசத்திலேயே என்றார் காந்தி. அய்ந்து வருசம், இல்லையென்றால் தன் உயிர் என்று நின்றார். இழுபறியில் வாக்கெடுப்பே ஒப்பந்தத்திலிருந்து காணாமல் போனது. 'சம்பந்தப்பட்ட சமூகங்கள் பரஸ்பரம் ஒத்துக்கொள்ளும்வரை' என்று எழுதி முடித்தார்கள். செப்டம்பர் 24இல் கையெழுத்து. நம் பக்கத்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் போட்டார்கள்.

பரஸ்பரம்! ஆண்டைக்கும் அடிமைக்கும் நடுவில் பரஸ்பரம். காந்தியின் உயிர் போனால் நாடெங்கும் சேரிகள் என்ன ஆகும் என்ற நெருக்கடி அம்பேத்கருக்கு. பத்து நாள் பட்டினியில் தெரு என்ன ஆகும் என்ற நெருக்கடி எங்க சின்னம்மாவுக்கு. இரண்டும் ராஜிநாமாதான். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், இவள் படிக்காமல் ரேகை வைத்தாள்.

"அப்படியானால் இப்போது வாக்கெடுப்பு வை, யாரு வேணாம்னது?" என்று கேட்பவர்கள் வருவார்கள். எச்சரிக்கையாக இருக்க வேண்டும். யாரைக் கேட்கிறாய் என்பதில்தான் சூட்சுமம். அம்பேத்கர் கேட்டது தாழ்த்தப்பட்டவர்கள் மட்டும் வாக்களிக்கிற வாக்கெடுப்பு. ஊரே கூடி நம் தலையெழுத்துக்குக் கை தூக்குகிற வாக்கெடுப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபர் 14இல் நடந்ததைப் பாருங்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்திடம் எடுத்துச் சொல்ல ஒரு குழு, அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று நாட்டையே கேட்டார்கள். நூற்றுக்கு அறுபது பேர் கூடாது என்றார்கள். ஆறு மாநிலத்திலும் தோல்வி. சேர்க்கச் சொல்லிக் கேட்ட பிரதமர் ராஜினாமா செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று உலகத்தில் எந்த டீக்கடையும் பேசவில்லை. தோற்றது பூர்வகுடிகள்தானே.

அதை நம் மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அறநிலையத் துறைக்கு உட்பட்ட முத்துமாரியம்மன் கோயில். அரசாங்கக் கோயில் என்றால் எல்லோருக்கும் பொதுதானே? சுமார் எண்பது வருசமாக நம்ம சனம் உள்ளே போக முடியாது. அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போட்டார்கள், பேசினார்கள். வழக்கம் போலவே இருக்கட்டும் என்றது ஊர். 2023 ஜனவரி 30இல் மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் நிற்க, போலீஸ் பாதுகாப்போடு இருநூறு பேருக்கு மேல் உள்ளே போனார்கள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது 1990 ஜனவரி 30. அன்றோடு முப்பத்துமூன்று வருசம். அதே ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் மாரியம்மன் கோயிலுக்குள் இப்படித்தான் போலீஸ் துணையோடு போனோம்.

தென்முடியனூரில் ஊர் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால்? எத்தனைக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. நாம் தோற்றிருப்போம். தோற்றால் எங்கே போவது? தெ கோல் தன் கிராமத்து வீட்டுக்குப் போனார். கேமரூன் வாய்க்குள் பாட்டோடு போனார். தோற்ற சேரி எங்கே போகும்? ராஜினாமா செய்ய நம்மிடம் இருப்பது சேரி ஒன்றுதான். அதை ராஜினாமா செய்ய எவனும் விடமாட்டான்.

ஆகவே இந்தப் பண்பாடு பேசுகிற பெரியவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் போன அழகை ரசித்தது போதும். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், செக் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது, தேதி போடாத கடிதம் யார் பெட்டியில் இருக்கிறது? அதைக் கேளுங்கள். ஜெயித்தவர்களை இருக்க விடுங்கள். தோற்றவன் போவதெல்லாம் அப்புறம்.

நம் சனத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இனி எந்தச் சின்னம்மா வாசலிலும் நாமே போய் உட்காரக்கூடாது. பட்டினி என்றால் தாசில்தார் ஆபீஸ் வாசல் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வாசல் இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பு குற்றம் என்று இன்றைக்கு வன்கொடுமைச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு: யாராவது தாள் நீட்டினால் வாங்காதே. வாங்கினால் புகாரை எழுது.

அன்று டீக்கடையில் நான் பேசாமல்தான் எழுந்து வந்தேன். இரண்டாவது முறையும் வாய் மூடிக்கொண்டேன். விபூதிக்காரர் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பெரிய கோயிலுக்கு வருகிறார். இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். வெள்ளைத்தாள் கொடுத்தவருக்கு எழுதின தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

சின்னம்மா, இதுதான் நான் எழுதினது. அந்தக் கடிதத்தில் இருந்தது எல்லாம் பொய். உனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்தது.